தெரிந்தால் போதுமா?

எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணிக்கே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு அதுதான் சேவல். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச் சட்டியும் தலைத்துணியுமாக ஏறிக்கொள்வார்கள். வண்டிகள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் முனகிக்கொண்டே ஏறி இடுக்கிப் பக்கம் மறைந்துவிடும். அதற்குப் பிறகு தெருவில் ஓர் அமைதி கவியும். சென்ற ஆண்டிலிருந்து அந்த அமைதியில் ஒரு புதுக் குரல் கேட்கிறது. அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண் ஜெர்மன் பாஷை படிக்கிறாள்.

அவள் நர்ஸிங் பட்டம் பெற்றவள். தகப்பனார் திராட்சைத் தோட்டக்காரர். ஜெர்மனியில் நர்ஸுகளுக்குத் தட்டுப்பாடு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸுகளுக்கு ஜெர்மன் கற்றுக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. இந்தப் பெண் சேர்ந்தது ஒரு சின்னத் தனியார் வகுப்பில். மொழியில் பி-2 என்று ஒரு படி இருக்கிறதாம். அதைத் தாண்டினால்தான் அங்கே முழு நர்ஸாக ஏற்றுக்கொள்வார்கள். விழுந்து எழுந்து ஒருவழியாகத் தாண்டிவிட்டாள். இனி விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சிக்கல் வந்தது. "சும்மாதானே இருக்கிறாய், புதிதாகச் சேர்ந்திருக்கும் இருபத்தைந்து பேருக்கு நீயே ஆரம்பப் பாடம் எடு" என்று அவளுடைய வகுப்பை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தகப்பனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மாப்ளே, நேத்துப் படிச்ச பிள்ளை இன்னைக்கு வாத்தியாரு!" என்றார். பெண்ணின் முகத்தில் அந்தக் களை இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு மாமா" என்றாள் என்னிடம்.

"தெரிஞ்சதைச் சொல்லிக் குடுக்க என்னம்மா பயம்? அதுக்கும் ஒரு படிப்பா?" என்று அவர் குறுக்கிட்டார்.

அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில முதல் ஊசி போடறதுக்கு முன்னாடி எத்தனை நாளு பக்கத்துல நின்னு பாக்க வெச்சாங்க! அப்புறம் நான் போடுறப்ப சிஸ்டர் பக்கத்துல நின்னு பாத்தாங்க. இதுக்கு யாரும் நிக்க மாட்டேங்கறாங்களே?"

தகப்பனார் சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சுக்குள் உறங்கிக் கிடந்த ஒரு முகத்தை எழுப்பி உட்கார வைத்துவிட்டது.

நான் கல்லூரியில் இரண்டே ஆண்டுகள் படித்துவிட்டு வெளியே வந்தவன். தேறாத பாடம் ஆங்கிலம். நாங்கள் முதலாண்டில் சேர்ந்தபோது பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். எம்.ஏ. முடித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. தெற்கத்திக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். இரண்டே சட்டைகள்தாம் வைத்திருந்தார் என்பதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டோம். ஆங்கிலம் அவருக்கு நன்றாகத் தெரியும்; இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் அறுபது பேருக்கு முன்னால் வந்து நின்றதும், தெரிந்ததெல்லாம் தொண்டையில் வந்து அடைத்துக்கொள்ளும். புத்தகத்தை விரித்துப் படிப்பார். கடினமான சொல்லுக்கு அர்த்தம் சொல்வார். பிறகு குறிப்பு எழுதச் சொல்வார். அவருக்கு அவருடைய ஆசிரியர்கள் எதைச் செய்தார்களோ அதையே எங்களுக்குச் செய்தார். வேறு எதையும் அவருக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

பயத்தில் அவர் வாயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் "ஐ மீன், ஐ மீன்" என்பார். கேட்க வேண்டுமா? 'மீன் வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டோம். ஒரு நாள் அவர் வருவதற்கு முன் கரும்பலகையில் ஒரு மீனை வரைந்து, அதற்குக் கண்ணாடி மாட்டி, கையில் புத்தகத்தையும் கொடுத்தேன். படம் நன்றாகவே அமைந்துவிட்டது. உள்ளே வந்தவர் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பானை எடுத்து, செதில் செதிலாக அழிப்பதுபோல் நிதானமாக அழித்தார். பிறகு திரும்பி, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

நான் சொல்ல வந்தது அதுவும் அல்ல. அதற்கு ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை அவருக்குக் கிடைத்தது. சின்னமனூர் தாண்டும் வரை இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். திடீரென்று, தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, நான் எப்படி நடத்தினா உங்களுக்குப் புரியும்?"

ஓர் ஆசிரியர் தம்முடைய மாணவனிடம் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. "நீங்க எப்படி நடத்தினாலும் எங்களுக்குப் புரியாது சார்" என்று சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன். பின் இருக்கையில் இருந்த நண்பர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தப் பொங்கல் விடுமுறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

யார் குற்றவாளி? வெகுநாள் வரை, 'வயசுக் கோளாறு' என்று என்னை நானே விடுதலை செய்துகொண்டிருந்தேன். பிறகு சில காலம், 'சொல்லித் தரத் தெரியாதவர் ஏன் வர வேண்டும்?' என்று பழியை அவர் மேலேயே போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை.

நம் நாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு 'அ' எழுதச் சொல்லித் தர வேண்டுமானால் ஆசிரியப் பயிற்சி வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தகுதித் தேர்வும் வேண்டும். உயர்நிலைப் பள்ளி என்றால் பி.எட். வேண்டும். கல்லூரி வகுப்புக்கோ முதுகலைப் பட்டமும், ஒரு தேசியத் தேர்வோ மாநிலத் தேர்வோ டாக்டர் பட்டமோ இருந்தால் போதும். சொல்லித் தரத் தெரியுமா என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. பாடம் பெரிதாகப் பெரிதாக, பாடம் சொல்லும் வித்தை தானாகவே வந்துவிடும் என்று நினைத்தார்கள் போலும்! வேலையில் அமர்ந்த பின் புத்தாக்கப் பயிற்சி என்று சில வாரங்கள் உண்டு. அதற்குள் முதல் மூன்று நான்கு வகுப்பு மாணவர்கள் அவர் கையில் அடிபட்டுப் போயிருப்பார்கள். அவரும் அவர்கள் கையில் அடிபட்டிருப்பார்.

2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் புது விதிகள் வெளியிட்டது. எந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவரானாலும் தம் பாடத்தைக் கற்பிக்கும் முறையில் பயிற்சி பெற்றாக வேண்டும் என்றும், வாரத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரம் சிறு வகுப்பு, ஆய்வுக்கூடம், விடை திருத்தல் முதலியவற்றில் அவரை உதவிக்கு அமர்த்தலாம் என்றும் அதில் இருக்கிறது. படித்தபோது மனம் குளிர்ந்தது. என் மீன் வாத்தியார் ஒரு இருபது ஆண்டு பிந்திப் பிறந்திருக்கலாம். ஆனால் விதியில் எழுதியதும் வகுப்பில் நடப்பதும் ஒன்றுதானா என்பதை அந்தந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்தாம் சொல்ல வேண்டும்.

இது ஏதோ மேல்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கிய யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். 1812-இல் எல்லிஸ் துரை முயன்று சென்னையில் கோட்டைக் கல்லூரியை அமைத்தார். கம்பெனிக்குப் புதிதாக வந்த இளம் துரைமார்களுக்குத் தமிழும் தெலுங்கும் மற்ற மொழிகளும் கற்பிக்க எழுந்தது அது. தமிழ் தெரிந்தவர் என்பதற்காக யாரையும் பிடித்து வந்து துரைக்கு எதிரே உட்கார வைத்தால் போதும் என்று அவர் கருதவில்லை. உள்நாட்டு மாணவர்களையும் அங்கே சேர்த்து, மொழி கற்பிக்கும் பணிக்கென்றே அவர்களைத் தயார் செய்தார்கள். துரைக்குப் பாடம் தவறினால் கஜானாவுக்கு நஷ்டம், அதனால் கவனம். நம் பிள்ளைகளுக்குத் தவறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நம் பிள்ளைகளுக்காகவும் ஒரு முயற்சி நடந்தது. ஐம்பதுகளின் இறுதியில் அன்றைய சென்னை ராஜ்யத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்கத் திட்டமிட்டார்கள். முதலில் சிலரைப் பயிற்றுவிப்பது. அந்தச் சிலர் பலரைப் பயிற்றுவிப்பது. உருள உருளப் பெருகும் பனிப்பந்தைப் போல. 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே அதற்குப் பெயர். பனிக்கட்டியை ஐஸ்காரன் பெட்டியில் மட்டுமே பார்த்திருந்த ஊருக்கு அழகான பெயர்தான்! பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கை மாறிக் கை மாறிப் போகும் பயிற்சியில், முறை போய்ச் சேருகிற அளவுக்கு அதன் உயிர் போய்ச் சேருவதில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த வகையில், 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற அறிஞர் செய்த காரியம் எனக்கு அதிகம் பிடிக்கும். இலக்கண விதியை ஓதாமல், ரயில் கால அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் கொடுத்து, கணக்குப் போடுவதுபோல் விடுவிக்கச் சொல்லி, அதன் வழியே ஆங்கிலத்தைப் பதிய வைக்க முடியுமா என்று சென்னையிலும் பெங்களூரிலும் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார். முறை சரியா, தவறா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடலாம். யோசனை சொன்னவர் தாமும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனார். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

சரி, மொழி தெரிந்த ஒருவருக்கு ஏன் அதைச் சொல்லித் தர வரவில்லை? இதை எனக்குப் புரிய வைத்தவர் ஓர் அமெரிக்க இளைஞர்.

மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஏற்பாடு ஒன்று நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அங்கே படிக்க வந்த ஒருவர் சுருளி அருவியைப் பார்க்க வந்தபோது, நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். 'தமிழ் எழுத்தாளர்' என்று என்னை அறிமுகம் செய்து வைத்ததுதான் வினையாயிற்று. அவர் மிகவும் பணிவாகக் கேட்டார்: "நான் சாப்பிடுகிறேன் என்று சொல்கிறீர்கள். நான் பசிக்கிறேன் என்று ஏன் சொல்வதில்லை?"

"அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை" என்றேன்.

"ஏன் இல்லை?"

நான் இருபது புத்தகம் எழுதியவன். தமிழ்ச் சோறு உண்டு வளர்ந்தவன். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் அவரே, மதுரையில் தம் ஆசிரியை சொன்னதைச் சொன்னார். நாமாகச் செய்வதற்கு 'நான்'. நம் அனுமதியில்லாமல் நம்மிடம் வந்து சேருவதற்கு 'எனக்கு'. பசி, தாகம், குளிர், வலி, தூக்கம், ஏன், தெரிவதும் பிடிப்பதும்கூட நம்மைத் தேடி வருபவையாம். "உங்கள் மொழியில் மனிதன் எல்லாவற்றுக்கும் தானே எஜமான் என்று சொல்லிக்கொள்வதில்லை" என்றார். எனக்குப் புல்லரித்தது. நாற்பது ஆண்டுகளாக நான் குடியிருந்த வீட்டில் இப்படியொரு ஜன்னல் இருப்பதை வெளியூர்க்காரர் வந்து திறந்து காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஆசிரியையைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவருக்குத் தெரிந்த தமிழ் எனக்கும் தெரியும். ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தாய்ப்பாலோடு வருவதல்ல. யாரோ கற்றுக்கொடுத்தோ, பலர் விழுவதைப் பொறுமையாகப் பார்த்தோ வருவது.

'எங்கள் ஊரில் வாத்தியாரே இல்லாமல் மூன்று பாஷை பேசுகிறோமே!' என்று பள்ளத்தாக்குக்காரர்கள் என்னை மடக்கலாம். உண்மைதான். இங்கே பல வீடுகளுக்குள் கன்னடம், சில வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ், மலை ஏறினால் மலையாளம். ஆனால் வாத்தியார் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கதைக்காக ஒரு நாள் அந்த ஜீப்பில் நானும் ஏறிப் போனேன். புதிதாக வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு, தலைமையாள் போலிருந்த ஓர் அக்காள் போகிற வழியில் பாடம் நடத்தினாள். "இந்தா புள்ளே, அவுக வெள்ளம்னு சொன்னா ஆத்துல வெள்ளம் வந்திருச்சுன்னு ஓடிராத. குடிக்கத் தண்ணி கேக்கறாக. எந்த ஊருன்னு கேட்டா, உங்க ஊருப் பேரைப் பட்டி பட்டின்னு அழுத்திச் சொல்லாத. அவுகளுக்குப் பட்டின்னா நாயி." வண்டியே சிரித்தது. ஆண்டிபட்டி முதல் உசிலம்பட்டி வரை எத்தனை பட்டிகள் இந்தப் பக்கத்தில்! மலையாளத்தில் ஆயிரம் சொற்கள் இருக்க, அவள் ஏன் முதலில் அந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தாள்? பல ஆண்டுகளுக்கு முன் அவள் விழுந்த குழிகள் அவை. பெரிய பண்டிதர் ஒருவர் இருந்தால் அந்தக் குழிகளை என்றைக்கோ மறந்திருப்பார்.

அதனால்தான், 'நேற்றுப் படித்தவர் இன்று சொல்லித் தரலாமா?' என்ற கேள்விக்கு, கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று விழுந்தவருக்குத்தான் காயம் ஆறாமல் இருக்கிறது. அது ஒரு மூலதனம். அவரைத் தனியே விட்டுவிடுவதுதான் பாவம்.

இந்த விஷயத்தை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "முல்லையாற்றுல பையனைத் தள்ளி விட்டுத்தான்யா நீச்சல் பழக்குறோம். வாத்தியாரையும் வகுப்புல தள்ளி விடு, தானா வரும். எனக்கு வரலியா?" என்றார். அவருக்கு வந்தது வாஸ்தவம். ஆனால் ஆற்றில் தள்ளப்படுகிற பையன் தனியாக விழுகிறான். வகுப்பில் தள்ளப்படுகிறவர் முதுகில் அறுபது பேர் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் நீச்சல் பழகுவதற்குள் எத்தனை பேர் தண்ணீர் குடித்தார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள்? தண்ணீர் குடித்தவர்களில் ஒருவனாகத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவருக்கு இது தெரிந்திருக்கிறது. நன்னூலில், இலக்கணத்துக்குள் நுழைவதற்கு முன்பே, ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு நாலு உவமை சொல்கிறார். கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசையில் வெளியே வராது. மடல் கழிக்காத பனைமரம்: தானாகப் பழம் விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. பஞ்சடைத்த குடுக்கை: அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றுவது ஒருவன் தோப்பில், காய் விழுவது அடுத்தவன் தோப்பில். இந்தக் கடைசி உவமையால் எங்கள் பக்கத்தில் எத்தனை வரப்புச் சண்டைகள் நடந்திருக்கின்றன என்பது வேறு கதை. என் ஆசிரியர் பஞ்சுக் குடுக்கை. உள்ளே இருந்தது நல்ல பஞ்சு. எடுக்கத்தான் அவருக்கு யாரும் ஒரு கொக்கி கொடுக்கவில்லை.

அதே நன்னூலில் இன்னோர் இடம் உண்டு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்கு அறிவுதான் சேருமாம். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்குப் பாடம் சொல்லும்போதுதான் வந்து நிரம்பும். படித்த நாளில் இதை ஒரு கணக்கு என்று மட்டும் எண்ணிக் கடந்துவிட்டேன். இப்போது அது எனக்கு ஒரு கடன் பத்திரமாகத் தெரிகிறது. ஆசிரியரின் அறிவில் பாதி, மாணவன் கொடுப்பது. அவன் விழிக்கும் விழி, கேட்கும் அசட்டுக் கேள்வி, எழுதும் தப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாதி. அதை வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஒன்றும் திருப்பித் தராமல் ஓர் ஆசிரியர் போய்விட்டால் அது களவுக்குச் சமானம். அவரை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியவர்களுக்கு அந்தக் களவில் பெரிய பங்கு உண்டு. ஆனால் மறுபக்கமும் இருக்கிறதே! அன்று பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டது அந்தப் பாதியைத்தான். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் கையை விரித்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பெண்ணுக்கு முதல் வகுப்பு. ஞாயிறு மாலை அவளைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு பாடம் நடத்து, பார்க்கலாம்" என்றேன். மாமாவுக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

முதலில் அவர்கள் மொழியின் ஆண்பால், பெண்பால், அஃறிணை ஒட்டுக்களைப் பதினாறு கட்டத்தில் எழுதிக் காட்டினாள். மேஜை ஆணாம், விளக்கு பெண்ணாம், 'சிறுமி' என்ற சொல் மட்டும் அஃறிணையாம்! "ஏன்?" என்றேன். "கடைசியில 'ஷென்'னு சின்னதாக்குற விகுதி வந்தா எல்லாமே அஃறிணைதான் மாமா." அது தெரிந்திருந்தது. ஆனால் ஐந்தாவது கட்டத்துக்கு மேல் எனக்குத் தலை சுற்றியது. கொட்டாவியை அடக்கினேன். அவள் கவனித்துவிட்டாள். முகம் வாடிப் போயிற்று.

"சரி, கட்டத்தை விடு. ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் முதலில் என்ன சொல்வார்?"

"குளிருதுன்னு சொல்வாரு. மிர் இஸ்ட் கால்ட். ஆனா நாங்க எல்லாரும் முதல்ல தப்பாத்தான் சொன்னோம், இஹ் பின் கால்ட்னு. அப்படிச் சொல்லக் கூடாது."

"ஏன் கூடாது?"

"அது... அப்படிச் சொல்ற வழக்கம் இல்லை மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த 'மிர்' என்றால் என்ன?"

"எனக்கு."

"தப்பாகச் சொன்னீர்களே, அந்த 'இஹ்'?"

"நான். இங்கிலீஷ்ல 'ஐ ஆம்'னுதானே வரும்? எங்களுக்கு இங்கிலீஷ் வழியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க..."

நான் பதில் சொல்லவில்லை. அவளும் பேசவில்லை. பேனாவை மூடி, மறுபடி திறந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்கு அவங்க ஏன்னு கேட்டா என்ன செய்யறது? எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும் மாமா?"

நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். "கார்த்திகை மாதம் விடியற்காலையில் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாய். உள்ளே இருக்கும் உன் அம்மாவிடம் போர்வை கேட்க வேண்டும். தமிழில் என்ன சொல்லிக் கேட்பாய்?" என்றேன்.